அத்தை ஏரியில் திரும்பி நின்ற ஞாயிற்றுக்கிழமை

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா, அம்மாவுக்கு ஜப்பான் சேலையும் அப்பாவுக்குக் கைக்கடிகாரமும் எனக்குக் கண்ணை மூடித் திறக்கும் பொம்மையும் கொண்டுவந்தார். தனக்கென்று ஒரு கயிறு கொண்டுவந்தார். பெட்டியில் பாதி இடத்தை அந்தக் கயிறுதான் அடைத்துக்கொண்டிருந்தது. விரல் பருமனில் மஞ்சள் கயிறு. ஒரு முனையில் அது இரண்டாகப் பிரிந்து, நடுவில் கருப்பு ரப்பர் சுற்றிய கைப்பிடி ஒன்றைத் தாங்கியிருந்தது. அம்மா அதைத் தூக்கிப் பார்த்தாள். தன் தம்பி கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்ததில் இதை எந்த இடத்தில் வைப்பது என்று அவளுக்குப் புரியவில்லை.

"சரி, துணி காயப் போடறதுக்காவது ஆவும்" என்றாள்.

"ஐயோ அக்கா, அதத் தொடாதே. அது ஸ்கீயிங் கயிறு" என்று மாமா பிடுங்கிக்கொண்டார்.

அப்பாவின் தங்கையான அத்தைக்கு அவர் எதுவும் கொண்டுவரவில்லை. மறந்துவிட்டதாகச் சொன்னார். வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை தலையைத் தூக்காமலே, "கயித்த மட்டும் மறக்காம எடுத்தாந்தீங்களே, அது போதும்" என்றாள். மாமா சிரித்தார். அதற்கு ஏன் அவ்வளவு நேரம் சிரித்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது நாங்கள் கொரட்டூரில், ஏரிக்கு அந்தப் பக்கம் புதிதாக மனை பிரித்திருந்த இடத்தில் குடியிருந்தோம். ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் குறுக்கு வழி ஏரிக்கரை மேல்தான். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அத்தை எங்களோடுதான் இருந்தாள். அதே எஸ்டேட்டில் இன்னொரு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வேலை பார்த்தாள். நாள் முழுக்கக் கம்பி இழுத்து இழுத்து அவள் விரல்கள் ஆண்பிள்ளை விரல்கள் போல உறுதியாக இருக்கும். என் காதைப் பிடித்தால் தெரியும். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகாததுதான் எங்கள் வீட்டின் நிரந்தரக் கவலை. இரவு ஜெபமாலையின் முடிவில் அப்பா தவறாமல் சேர்க்கும் தனி வேண்டுதல் அதுதான். அத்தையும் சேர்ந்துதான் "ஆமென்" சொல்லுவாள்.

மாமா வளைகுடாவில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் தண்ணீர் விளையாட்டுப் பிரிவில் இருந்தார். வேகமாக ஓடும் மோட்டார் படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலில் பலகை கட்டி, தண்ணீர் மேல் நின்றபடியே போவார்களாம். போகும்போதே முன்னும் பின்னும் திரும்புவார்களாம். கைப்பிடியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, படகுக்கு முதுகைக் காட்டியபடி சவாரி செய்வார்களாம். "அவ்ளோ பேருக்கும் நாந்தான் கத்துக் குடுக்கறேன்" என்றார். எங்கள் தெருவே வந்து கேட்டது. அப்பா மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டே, "தண்ணி மேல நடந்தவரு ஒருத்தர்தான்னு பங்குச் சாமியார் சொல்லிக்கினு இருந்தார். அடுத்த ஆளு நம்ம ஊட்லயே கீறான்" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்திருந்தது. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியே ஓடிக்கொண்டிருந்தது. மாமா தினமும் சாயங்காலம் கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வந்து, "ஜீப்பு இருந்தா போதும். கரை மேல ஜீப்பு, தண்ணில ஆளு" என்றார். பாடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த அவருடைய நண்பர் ஒருவரிடம் பழைய ஜீப் இருந்தது. நான் அவரை மெக்கானிக் அண்ணன் என்று கூப்பிடுவேன். பலகைக்கு மாமா ஒரு தச்சரைப் பிடித்து, பக்கத்திலேயே நின்று செய்து வாங்கினார். இரண்டு பலகைகள். குட்டையாக, அகலமாக, முன் பக்கம் லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தன. காலை நுழைக்க சைக்கிள் டியூபை வெட்டி வார் போட்டிருந்தார். அடிப்புறம் வழவழவென்று இருந்தது.

"நேரா போறவங்க பலகைக்கு அடியில மீன் வாலு மாதிரி ஒண்ணு வெச்சிருப்பாங்க கண்ணு. அது இருந்தா திரும்பாது. இது திரும்பறதுக்குன்னே செய்யறது" என்று என்னிடம் விளக்கினார்.

பாடம் மொட்டைமாடியில் தொடங்கியது. தண்ணீர்த் தொட்டியின் தூணில் கயிற்றைக் கட்டி, கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து மாமா நின்று காட்டுவார். நாற்காலியில் உட்காரப் போகிறவர் பாதியில் யோசித்து நின்றுவிட்டது போல முழங்கால்கள் மடங்கியிருக்கும். முதுகு நேராக இருக்கும். கைப்பிடி இடுப்பருகே தாழ்ந்திருக்கும். அத்தை துணி எடுக்க மாடிக்கு வந்தாள். வந்தவள் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் வெயில் இருக்கும்போதே துணி எடுக்க வந்தாள். அதற்கு மறுநாள் துணியே காயாத நேரத்தில் வந்தாள்.

"இதுல என்ன கஷ்டம்? கயித்த புடிச்சிகினு நிக்கறதுதானே" என்றாள்.

"புடிச்சிப் பாரு."

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பிடித்தாள். மாமா கயிற்றைத் தூணிலிருந்து அவிழ்த்துத் தன் கையில் சுற்றி, திடீரென்று இழுத்தார். அத்தை நாலடி ஓடிப் போய்க் கைப்பிடிச் சுவரில் முட்டிக்கொண்டாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பாத்தியா? நீ கையால இழுக்கப் பாக்கற. கை இழுத்தா தோளு போவும், தோளு போனா நீ போவ. கைய நீட்டி விட்டுடு. இடுப்பும் தொடையுந்தான் தாங்கணும். கை சும்மா கொக்கி."

மறுபடி இழுத்தார். அத்தை அசையவில்லை. மாமா இன்னும் பலமாக இழுத்தார். இரண்டு பேரும் கயிற்றின் இரண்டு முனையில் அப்படியே சாய்ந்து நின்றார்கள். அவர் அங்கே, இவள் இங்கே, நடுவில் விறைத்த மஞ்சள் கயிறு. யார் விட்டாலும் மற்றவர் விழ வேண்டியதுதான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்குச் சலித்துப் போய், "அடுத்தது என்னா மாமா?" என்று கேட்ட பிறகுதான் இருவரும் நிமிர்ந்தார்கள்.

அடுத்தது திரும்புவது. அதுதான் வித்தையே என்றார் மாமா. கைப்பிடியைத் தூரத்தில் வைத்துக்கொண்டு திரும்பினால் கயிறு ஆளைச் சுருட்டி எறிந்துவிடும். முதலில் கைப்பிடியை வயிற்றோடு ஒட்ட இழுத்துக்கொள்ள வேண்டும். கயிறு ஒரு நொடி தளரும். அந்த நொடியில் ஒரு கையை விட்டுவிட்டு உடம்பு மொத்தமாகத் திரும்ப வேண்டும். விட்ட கை முதுகுக்குப் பின்னால் போய்க் கைப்பிடியைத் தேடிப் பிடிக்க வேண்டும். குனியக் கூடாது. தண்ணீரைப் பார்க்கக் கூடாது. "எத்தப் பாக்கறியோ அங்கதான் போவ. தண்ணியப் பாத்தா தண்ணிக்குள்ள போவ. தூரமா ஒண்ணு பாத்து வெச்சிக்க, அதுலேர்ந்து கண்ண எடுக்காதே" என்றார்.

அத்தை அதை வேலைக்குப் போவதற்கு முன்பும் வந்த பின்பும் பழகினாள். சமையலறையில் பூரிக்கட்டையை வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பி முதுகுக்குப் பின்னால் பிடிப்பாள். என்னைக் கண்டதும் மாவு தேய்ப்பாள்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஜீப் ஓட்டுகிறவர் முன்னால் பார்க்க வேண்டும். அதனால் பின்னால் பார்த்தபடி உட்கார ஒரு ஆள் தேவை. தண்ணீரில் இருப்பவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. கட்டைவிரலை மேலே காட்டினால் வேகம் வேண்டும் என்று அர்த்தம், கீழே காட்டினால் மெதுவாக. விழுந்தால் உடனே கத்த வேண்டும். "இது ரொம்ப முக்கியமான வேல. சும்மா ஆளுக்குக் குடுக்க மாட்டாங்க" என்றார் மாமா. ஐந்தாம் வகுப்பில் எனக்கு அதுவரை யாரும் முக்கியமான வேலை கொடுத்ததில்லை. நான் கண் சிமிட்டாமல் பார்த்துப் பழகினேன்.

இதற்கு நடுவில் ஆவடியிலிருந்து அத்தைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பெரிய தொழிற்சாலையில் நிரந்தர வேலை. நம் சபைதான். குடிப்பதில்லை. ஒரு குறையும் சொல்ல முடியாத இடம் என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா தயங்கித் தயங்கி, "என் தம்பியும் கீறானே. முறையுந்தான் இருக்கு" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

"நான் வேணான்னா சொன்னேன்? வாயத் தொறந்து கேக்கட்டும். கேட்டானா அவன்?" என்றார் அப்பா.

மாமா அப்போது வெளியே உட்கார்ந்து பலகைக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். அவர் எழுந்து வரவில்லை. எனக்கு வார்னிஷ் வாசனை பிடிக்கும் என்பதால் நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. அதே ஞாயிற்றுக்கிழமை காலைதான் மெக்கானிக் அண்ணனுக்கு ஜீப்பும் ஓய்வும் சேர்ந்து கிடைத்தன. மாமாவின் விடுமுறையிலும் இரண்டு வாரம்தான் பாக்கி இருந்தது. முதல் பூசை முடிந்ததும் அப்பா ஆட்டுக்கறி வாங்க வில்லிவாக்கம் போனார். அம்மா வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தாள். அத்தை ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு, "பூ வாங்கிட்டு வந்துடறேன் அண்ணி. இவளையும் கூட்டிகினு போறேன்" என்று கிளம்பினாள். பூக்கடை இருந்த பக்கம் நாங்கள் போகவில்லை.

ஏரிக்கரையில் ஜீப் தயாராக நின்றது. முதலில் மாமா இறங்கினார். மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்த நிலையில், பலகை முனைகள் வெளியே தெரிய, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். ஜீப் உறுமிப் புறப்பட்டது. நான் பின்னால் பார்த்தபடி கண் சிமிட்டாமல் இருந்தேன். மாமா எழுந்தார். எழுந்த வேகத்தில் குப்புற விழுந்தார். மறுபடியும் புறப்பட்டோம், மறுபடியும் விழுந்தார். மல்லாந்து விழுந்தார், பக்கவாட்டில் விழுந்தார், ஒரு தடவை பலகை தனியாகவும் அவர் தனியாகவும் போனார்கள். நான் ஒவ்வொரு தடவையும் என் வேலையைச் சரியாகச் செய்து, "விழுந்துட்டாரு!" என்று கத்தினேன். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களும் என்னோடு சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள்.

மெக்கானிக் அண்ணன் ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "மாமே, கேக்கறேன்னு தப்பா நெனச்சிக்காதே. நீ அங்க இன்னா வேலதான் பாத்துகினு கீறே?"

மாமா கரையோரம் தண்ணீரில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அவர் அண்ணனுக்குப் பதில் சொன்னாலும் பார்வை அத்தை பக்கம் போய்ப் போய் வந்தது.

"படகுல பின்னால பாத்துகினு குந்தியிருப்பேன். யார்னா விழுந்தா டிரைவர் கிட்ட சொல்லுவேன். கயிறு சுத்தி வெப்பேன். அதான் வேல."

"அப்ப கத்துக் குடுக்கறேன்னது?"

"அது வேற ஆளு."

எனக்கு அதில் ஏமாற்றமாக ஒன்றும் இல்லை. நான் செய்துகொண்டிருந்த வேலையைத்தான் மாமாவும் செய்கிறார் என்று தெரிந்ததும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மாமாதான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அத்தை கரைச் சரிவில் இறங்கி அவர் பக்கம் போனாள். "தெனம் பாப்பீங்களா?"

"எத்த?"

"அவங்க விழறத."

"காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அதத்தான் பாப்பேன்."

"அப்போ எதனால விழறாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அது போதும். பலகையக் கொண்டாங்க."

மதகுப் பக்கத்து மோட்டார் கொட்டகைக்குள் போய் அத்தை உடை மாற்றி வந்தாள். அப்பாவின் பழைய காக்கிப் பேண்டு, முழுக்கைச் சட்டை. பையில் அதைத்தான் கொண்டுவந்திருந்தாள். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தைக்கு நீச்சல் தெரியும். பிறந்து வளர்ந்ததே கொரட்டூர்தான் என்பதால், பெரியவளாகும் வரை இந்த ஏரியில்தான் குதித்துக் கிடப்பாளாம். அதற்குப் பிறகு தண்ணீரில் கால் வைக்க விட்டதில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அன்று அவள் இறங்கும்போது தண்ணீர் சில்லென்று பட்டுத் தோள்கள் ஒரு முறை குலுங்கின. பிறகு மெல்லச் சிரித்தாள்.

மாமா அவள் பின்னால் தண்ணீரில் நின்று தோள்களைப் பிடித்து நிலைப்படுத்தினார். "முட்டிய மார்போட சேத்துக்க. நீயா எழுந்திரிக்காத. கயிறு தூக்கும். அது தூக்கற வரைக்கும் உக்காந்தே இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் தடவை அவள் கையால் இழுத்து முன்னால் விழுந்தாள். "கை கொக்கி, கை கொக்கி!" என்று மாமா கத்தினார். அடுத்த தடவை கீழே பார்த்து விழுந்தாள். தண்ணீரைத் துப்பிவிட்டு, அவளே நீந்திப் போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கடுத்து ஜீப் புறப்பட்டபோது ஏரி அவளைத் தூக்கிக் கொடுத்தது போல இருந்தது. முதலில் பலகை முனை வந்தது, பிறகு முழங்கால், பிறகு முழு அத்தையும் வந்தாள். பாதி நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு, நேரான முதுகு, இடுப்பருகே கைப்பிடி. அவளுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் விசிறியாக விரிந்தது. நான் அவள் முகத்தையே பார்த்தேன். அதில் பயம் இல்லை. கம்பெனியில் கம்பி சுற்றும்போது அவள் எப்படி இருப்பாள் என்று நான் பார்த்ததில்லை. ஆனால் இப்படித்தான் இருப்பாள் என்று தோன்றியது. கரையில் இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். மெக்கானிக் அண்ணன் திரும்பித் திரும்பி, "நிக்குதா? இன்னும் நிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

கரையின் மறுகோடி வரை போய்ச் சேர்ந்ததும் அவள் கைப்பிடியை விட்டு மெல்லத் தண்ணீரில் அமர்ந்தாள். நாங்கள் அவளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். போதும், நேரமாகிறது என்றார் மாமா. "இன்னொரே வாட்டி. திரும்பறது ஒண்ணு பாக்கி கீது" என்றாள் அத்தை.

அந்த இரண்டாவது ஓட்டத்தில்தான் எதிரே ஒரு கூட்டம் வந்தது. ஏரிக்கரை மேல் ஸ்டேஷன் பக்கமிருந்து பட்டுச் சேலைகள், ஒரு குடை, பழத்தட்டு, பூப்பை, நடுவில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு என்று முன்னதாகவே கிளம்பி வந்த மாப்பிள்ளை வீட்டார் அவர்கள்தான் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. மெக்கானிக் அண்ணன் ஆரன் அடித்தார். அவர்கள் ஏரிக்கு மறுபக்கச் சரிவோரம் ஒதுங்கினார்கள். ஜீப் கடந்து போனதும் ஒவ்வொருவராகத் தண்ணீர்ப் பக்கம் திரும்பி, அப்படியே நின்றுவிட்டார்கள்.

அத்தை அவர்களைத் தாண்டி வந்த பிறகுதான் திரும்பினாள். கைப்பிடியை வயிற்றோடு இழுத்தாள். கயிறு தளர்ந்தது. ஒரு கை விட்டது. ஒரு சுழற்சியில் அவள் முகம் மறைந்து ஈரச் சட்டையின் முதுகு எனக்கு எதிரே வந்தது. விட்ட கை பின்னால் வந்து தடவி, கைப்பிடியைக் கண்டுபிடித்துப் பற்றியது. பலகை ஆடியது. ஆடி, நின்றது. வந்த திசையைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அத்தை ஏரி மேல் போனாள்.

முகத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். முகம் அந்தப் பக்கம் இருந்தது. இப்போது எதைப் பார்ப்பது என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் ஒரு கையை எடுத்து மேலே தூக்கினாள். கட்டைவிரல் மட்டுமில்லை, ஐந்து விரலும் விரிந்திருந்தன. வேகம் கேட்கிறாள் என்று முடிவு செய்து, "வேகமா!" என்று கத்தினேன். ஜீப் பாய்ந்தது. அவள் கையை இறக்கவே இல்லை. கோடியில் ஆகாயத்தாமரை மண்டிய இடம் வரும்வரை அப்படியே வந்து, பிறகு விழுந்தாள்.

நாங்கள் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தபோது மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கறிப்பையோடு வந்த அப்பாவுக்கு அவர்களே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். ஏரியில் ஒரு பெண் தண்ணீர் மேல் நின்று போனாள், இந்த ஊர்ப் பெண்கள் கெட்டிக்காரிகள் என்று. அம்மாவுக்கு அது யாரென்று புரிந்துவிட்டது. அத்தை சேலை மாற்றி, ஈரத் தலையை இறுக்கி முடிந்து, காப்பித் தட்டோடு போய் நின்றதும் அவர்களுக்கும் புரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை எடுக்காமல் அவள் தலைமுடியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

மாப்பிள்ளைதான் பேசினார். "எங்களப் பாத்துக் கை காட்டினாங்களே, அவங்கதான்மா இது" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "அவ்ளோ வேகத்துல போறப்பவும் நம்மளக் கண்டுபிடிச்சிக் கை காட்டினாங்க பாரு."

அவருடைய அம்மா மகனைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், பிறகு அவளும் சிரித்துவிட்டாள். டம்ளரை எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்கு உயிர் வந்தது. பேச்சு மளமளவென்று நடந்து, கிளம்பும் முன்பே கோவிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிக்கும் நாள் வரைக்கும் முடிவாகிவிட்டது. யாரோ அத்தையைச் சம்மதமா என்று கேட்டார்கள். "அதான் ஏரியிலயே சொல்லிட்டாங்களே" என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். அத்தை காலி டம்ளர்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் செய்தி சொல்ல மாடிக்கு ஓடினேன். மாமா கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டுக்கொண்டு, "நல்ல இடம்" என்றார். சுற்றிய கயிற்றை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து சுற்றினார். எனக்கு வேறொரு சந்தேகம் இருந்தது.

"மாமா, அத்தை அஞ்சு வெரலையும் விரிச்சிக் காட்டினாங்க. நீங்க அது சொல்லிக் குடுக்கவே இல்ல. அதுக்கு இன்னா அர்த்தம்?"

"அதுக்கு அர்த்தம் ஒண்ணும் இல்ல கண்ணு. கை வலிச்சிருக்கும்" என்றார்.

விடுமுறையில் இன்னும் நாள் இருந்தும் அந்த வாரமே அவர் கிளம்பிப் போனார். கல்யாணத்துக்கு வரவில்லை. அத்தை ஆவடிக்குப் போனாள். நன்றாகத்தான் வாழ்கிறாள். அவள் கணவர் தங்கமான மனிதர். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தக் கதையைச் சொல்லுவார். எழுந்து நின்று, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, மறுகையை விரித்துத் தூக்கிக் காட்டுவார். "இப்படித்தான் என்னைப் பார்த்து" என்று முடிப்பார். அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று சொல்ல அவருக்கு ஒவ்வொரு தடவையும் வார்த்தை கிடைக்காமல் போகும். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். மறுத்ததே இல்லை. மாமாவும் ஒன்றிரண்டு தடவை அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறார். கதை ஆரம்பித்ததும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

அன்று ஏரியில் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் பின்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது நான் மட்டும்தான். அதனால் அவள் பார்த்துக்கொண்டு போனதை எல்லாம் நானும் பார்த்தேன். கரை மேல் பட்டுச் சேலைகளும் வெள்ளைச் சட்டையும் சிறுத்துக்கொண்டே போயின. அவர்களுக்கும் அப்பால், நாங்கள் புறப்பட்ட இடத்தில், மாமா தண்ணீரைவிட்டு ஏறாமல் மார்பளவில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். அத்தை கையைத் தூக்கிய கொஞ்ச நேரத்தில் அவரும் ஒரு கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து மெல்ல உயர்த்தினார். அங்கிருந்தும் ஐந்து விரல். சொல்லிக்கொடுத்தவரே சொல்லும்போது சந்தேகம் என்ன என்று, நான் மெக்கானிக் அண்ணனின் தோளைத் தட்டி, "இன்னும் வேகமா போங்கண்ணா, இன்னும் வேகமா" என்று கத்தினேன்.